முதுமையைப் படிக்க வந்த மாணவி

சமூகப்பணி பயிலும் மாணவர்கள் களப்பயிற்சிக்காக எமது கிராமங்களுக்கு வந்து சில மாதங்கள் தங்கிச் செல்வது வழமை. குடிநீர், சிறுவர் கழகம், பெண்களின் சுயதொழில், சிறுசேமிப்பு என ஏதாவதொரு விடயத்தை எடுத்துக்கொள்வார்கள். 2024ஆம் ஆண்டில் வந்த மாணவி ஒருவர் எடுத்துக்கொண்ட விடயம் முதுமை. விரும்பித்தான் எடுத்தீரா என்று கேட்டேன். "இல்லை பாதர், மற்றதெல்லாத்தையும் மற்றவை எடுத்திட்டினம். மிஞ்சினது இதுதான்" என்றார்.

எமது அபிவிருத்தி வேலைகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. சிறுவருக்கும் பெண்களுக்கும் இளைஞருக்கும் எம்மிடம் திட்டங்கள் உண்டு. முதியோருக்கு வருடத்தில் ஒரு நாள் உண்டு. ஒக்டோபர் 1ஆம் திகதி அவர்களைக் கூட்டி இருத்தி, ஒரு பொன்னாடை, ஒரு சாப்பாட்டுப் பொதி, இரண்டு பேச்சு. அதன் பின் அடுத்த ஒக்டோபர்தான்.

அந்த மாணவி ஆறு மாதங்களில் கற்றுக்கொண்டவை எமது கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் பயன்படும் என்பதால், அவரது சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களையும் ஊரின் பெயரையும் தவிர்த்துள்ளேன். மன்னார்ப் பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் கிராமங்களுள் ஒன்று என்று மட்டும் அறிந்தால் போதும்.

எண்கள் சொல்லும் செய்தி

முதலில் சில எண்கள். 1946ஆம் ஆண்டில் இலங்கையில் பிறந்த ஒரு குழந்தை ஏறத்தாழ 43 வருடங்கள் வாழும் என எதிர்பார்க்கப்பட்டது. 2011 - 2013 காலத்துக்கான ஆயுள் அட்டவணைகளின்படி இது ஆண்களுக்கு 72 வருடங்கள், பெண்களுக்கு 78.6 வருடங்கள். மலேரியாக் கட்டுப்பாடு, இலவச வைத்தியம், தாய் சேய் கிளினிக், பெண்கல்வி எல்லாம் சேர்ந்து பெற்றுத் தந்த ஆயுள் இது. ஆயுள் கூடிய அதே காலத்தில் குடும்பங்களில் பிள்ளைகளின் தொகை குறைந்தது. ஆகவே சனத்தொகையில் முதியோரின் பங்கு ஏறியது. 60 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் 1981இல் நூற்றுக்கு 6.6 பேராக இருந்தனர். 2012இல் 12.4 பேர். 65 வயதும் அதற்கு மேலும் உள்ளோரை மட்டும் எடுத்தால், 2012இல் 7.9 ஆக இருந்த வீதம் 2024 குடிசன மதிப்பீட்டில் 12.6 ஆகிவிட்டது.

பிரான்ஸ் நாட்டில் இந்த வயதினரின் பங்கு நூற்றுக்கு 7இலிருந்து 14 ஆக உயர ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. ஓய்வூதிய முறைகளையும் வைத்திய வசதிகளையும் படிப்படியாக அமைத்துக்கொள்ள அவர்களுக்கு அவகாசம் இருந்தது. எமக்கு ஒரு தலைமுறைக் காலம்கூடக் கிடைக்கவில்லை.

எமது வடபகுதிக் கிராமங்களுக்கு இதற்கும் மேலான காரணங்கள் உண்டு. யுத்தத்தில் இளையோர் பலர் இறந்தனர், காணாமற்போயினர். எஞ்சியோரில் பலர் வெளிநாடு சென்றனர். இன்று மத்திய கிழக்குக்கும் கொழும்புக்கும் வேலைக்குப் போகின்றனர். வீதியால் நடந்து போனால் திண்ணைகளில் முதியோரும் முற்றத்தில் சிறுவரும் இருப்பர். நடுவயதினரைக் காண்பது அரிது. அந்த முதியோரிலும் பெரும்பாலானோர் பெண்கள். பெண்கள் கூடுதலாக வாழ்கின்றனர். தம்மிலும் வயது கூடியவரையே மணம் முடித்திருந்தனர். ஆகவே வாழ்க்கையின் கடைசிப் பத்து, பதினைந்து வருடங்களை விதவையாகக் கழிப்பது எமது பெண்களின் பொது அனுபவமாகிவிட்டது.

இந்த எண்களையெல்லாம் அந்த மாணவி வகுப்பறையிலேயே படித்திருந்தார். எண்களுக்குள் இருக்கும் ஆட்களை அறிவதற்கு அவருக்கு ஆறு மாதங்கள் எடுத்தது.

வினாக்கொத்தும் வேலியும்

அவர் வரும்போது 42 கேள்விகள் கொண்ட வினாக்கொத்து ஒன்றைத் தட்டச்சு செய்து கொண்டு வந்திருந்தார். முதலில் சென்ற வீட்டில் ஒரு முதியவர் வேலி அடைத்துக்கொண்டிருந்தார். பெயர், வயது, மதம், பிள்ளைகளின் எண்ணிக்கை என்று கேட்டுக்கொண்டே போன மாணவி, "உங்கட பிரதான பிரச்சினை என்ன அப்பு?" என்ற கேள்விக்கு வந்தார்.

"இப்ப என்ர பிரச்சினை நீதான் பிள்ளை. வெயில் ஏற முன்னம் இந்த வேலியைக் கட்டி முடிக்க வேணும். அந்தக் கிடுகை இஞ்சால எடுத்துத் தா" என்றார் முதியவர்.

மாணவி வினாக்கொத்தைப் பைக்குள் வைத்துவிட்டுக் கிடுகு எடுத்துக் கொடுத்தார். இரண்டு மணித்தியாலத்தில் வேலியும் முடிந்தது, முதியவரின் வாழ்க்கை வரலாறும் பாதி முடிந்தது. வினாக்கொத்தில் இருந்த கேள்விகளில் பலவற்றுக்குக் கேளாமலே விடை கிடைத்தது. அதில் இல்லாத விடயங்கள் இன்னும் கூடுதலாகக் கிடைத்தன. அறிந்தவர் அறியாதவருக்கு அறிவைப் பணம்போல வைப்பிலிடுவதல்ல கல்வி என்று பிரேசில் நாட்டுக் கல்வியியலாளர் பாவ்லோ பிரெய்ரே எழுதினார். தகவல் சேகரிக்கப் போகிறவர்களுக்கும் அது பொருந்தும். முதியவரிடம் இருப்பதை வங்கியில் பணம் எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு வரமுடியாது.

வயதைக் கேட்பதுகூட இலகுவாக இருக்கவில்லை. "புயலடிச்ச வருசம் எனக்குக் கலியாணம்" என்றார் ஒரு மூதாட்டி. எந்தப் புயல் என்று மாணவிக்குத் தெரியவில்லை. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் தனுஷ்கோடியை அழித்து, மன்னார், தலைமன்னார்ப் பகுதிகளையும் தாக்கிய புயலை இப்பகுதி முதியோர் ஒருவரும் மறக்கவில்லை. அதன் பின் மாணவி ஒரு காலக்கோடு வரைந்தார். 1964 புயல், 1990இல் மடுவுக்கு இடம்பெயர்ந்தது, 2008இல் வன்னிக்குள் இடம்பெயர்ந்தது, 2009இல் மெனிக் பாம் முகாம். "முகாமுக்குப் போகேக்க மூத்த பேரனுக்குப் பால்பல்லு விழுந்தது" என்பதுபோன்ற செய்திகளை அந்தக் கோட்டில் பொருத்திப் பொருத்தி வயதையும் வரலாற்றையும் கணித்தார்.

அப்போது ஒரு முக்கியமான விடயம் தெரியவந்தது. தாம் 60 வயதைக் கடந்தவர், 70 வயதைக் கடந்தவர் என்பதைக் காட்டுவதற்குச் சிலரிடம் ஒரு கடதாசியும் இல்லை. பிறப்புச் சான்றிதழ் ஏதோவொரு இடப்பெயர்வில் தொலைந்திருந்தது, அல்லது பிறப்பே பதியப்படாதிருந்தது. கடதாசி இல்லாத முதுமைக்கு அரசாங்கத்தில் இடமில்லை. முதியோர் அடையாள அட்டை, 70 வயதைக் கடந்த வறிய முதியோருக்கான மாதாந்த உதவித்தொகை எல்லாம் அந்தக் கடதாசியில்தான் தொடங்குகின்றன.

'அறளை' என்று ஒரு சொல்

எமது பேச்சுவழக்கில் முதுமையைக் குறிக்கும் சொற்களில் மிகவும் ஆபத்தானது 'அறளை பெயர்தல்' என்பது. ஒருவரைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டால், அதன் பின் அவர் சொல்வதை யாரும் கேட்கத் தேவையில்லை என்று பொருளாகிவிடுகிறது.

ஒரு வீட்டில் 79 வயது மூதாட்டி ஒருவர் இளைய மகன் குடும்பத்தோடு இருந்தார். "மாமிக்கு அறளை பேந்திட்டுது, தங்கச்சி. நாங்கள் ஒண்டு கேட்டா அவ ஒண்டு சொல்லுவா. அவவோட கதைச்சுப் பிரயோசனமில்லை" என்றார் மருமகள். மருமகள் கொடுமைக்காரி அல்லர். மாமியாருக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்தார், உடுப்புத் தோய்த்தார். கதைப்பதை மட்டும் நிறுத்தியிருந்தார். அந்தக் குடும்பத்தின் வயற்காணி அனுமதிப்பத்திரம் மூதாட்டியின் பெயரில் இருந்தது. பின்னுரித்தாளர் இன்னும் நியமிக்கப்படவில்லை. "அம்மாவுக்கு விளங்காது, நாங்களே பேசி முடிப்பம்" என்று பிள்ளைகள் தமக்குள் பேசத் தொடங்கி, அது சண்டையாகவும் மாறியிருந்தது.

மாணவி அந்த வீட்டுக்குப் பல தடவை சென்றார். மூதாட்டி சாயமூட்டிய பனையோலையில் பெட்டி இழைப்பார். சிவப்பும் பச்சையும் மாறி மாறி வரும் அந்தக் கோலத்தில் ஓர் இழைகூடப் பிழைக்கவில்லை. இழை எண்ணிப் பின்னுகிற ஒருவருக்கு எப்படி அறளை என்று மாணவிக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் கொப்பியில் பெரிய எழுத்தில், "இன்று மத்தியானம் என்ன கறி?" என்று எழுதிக் காட்டினார். மூதாட்டி எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "கீரை. உப்புக் கூட" என்றார்.

அவருக்குக் குறைந்திருந்தது செவிப்புலன். வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றபோது இரண்டு காதுகளிலும் குறும்பி இறுகி அடைத்திருப்பது தெரிந்தது. அதை மருந்துவிட்டு இளக்கி அகற்றியதும் பெருமளவு கேட்கத் தொடங்கியது. எஞ்சியது முதுமையோடு வரும் செவிப்புலன் குறைவு. அந்தக் குறைவில் உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளே முதலில் மறைகின்றன. ஆகவே சத்தம் கேட்கும், சொல் பிரியாது. காதுக்குள் கத்துவதால் பயனில்லை. முகத்தைப் பார்த்து, வெளிச்சத்தில் நின்று, ஆறுதலாகப் பேசினால் விளங்கும். செவிப்புலன் குறைவைக் கவனியாது விடுவது பிற்காலத்தில் ஞாபகமறதி நோய் வரும் ஆபத்தையும் கூட்டுகிறது என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2017, 2020, 2024ஆம் ஆண்டு அறிக்கைகளில் தொடர்ந்து கூறியுள்ளது.

இரண்டு மாதங்களின் பின் அந்த மூதாட்டி பிரதேச செயலகத்துக்குத் தானே சென்று, தன் வாயால் சொல்லிப் பின்னுரித்தாளரை நியமித்தார். யாரை நியமித்தார் என்பது அவருடைய விடயம். அதை அவரே தீர்மானித்தார் என்பதே எமக்கு முக்கியம்.

எல்லாக் கதைகளும் இப்படி முடிவதில்லை. இன்னொரு வீட்டில் 82 வயது முதியவர் ஒருவருக்கு உண்மையிலேயே ஞாபகமறதி நோய் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் கயிற்றை எடுத்துக்கொண்டு மாடு தேடப் புறப்படுவார். அவர் தேடுவது இடப்பெயர்வின்போது கைவிட்டு வந்த மாடுகளை. மனைவி அவரோடு வாதாடுவதில்லை. படலை மட்டும் கூடவே நடந்து, "இருட்டுப்பட்டுது, விடியத் தேடுவம் வாங்கோ" என்று கையைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவருவார். இந்த நோயாளரோடு தர்க்கம் செய்யாது அவர்களின் உணர்வோடு சேர்ந்து போகவேண்டும் என்பதை மாணவி பாடப்புத்தகத்தில் படித்திருந்தார். அந்த மனைவி ஒரு புத்தகமும் படிக்காமல் அதைச் செய்துகொண்டிருந்தார். ஆனால் மூன்று வருடங்களாக அவர் ஓர் இரவும் முழுதாக நித்திரை கொண்டதில்லை. கிராமத்தில் ஒருவரும் அதைக் கேட்டதுமில்லை.

வாசகர்கள் ஒரு வேறுபாட்டை மனதில் வைத்திருக்க வேண்டும். ஞாபகமறதி நோய் மாதக்கணக்காக, வருடக்கணக்காக மெல்ல வருவது. நேற்றுவரை தெளிவாக இருந்த முதியவர் இன்று ஆளை மாறாட்டமாகப் பேசினால், அது அறளை அல்ல. சிறுநீர்த் தொற்று, நியூமோனியா, உடலில் நீர் குறைதல், உப்புச்சத்துக் குறைதல், மருந்துகளின் பக்கவிளைவு என ஏதோவொரு காரணம் இருக்கும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பெரும்பாலும் குணப்படுத்தலாம். முதுமையில் தாக உணர்வு குறைந்துவிடும். மலசலகூடம் தூரத்தில் இருந்தால் இரவில் எழும்பப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

ஒரு பிற்பகல் முதியவராக

முதியோரை இளையோருக்கு விளங்கவைப்பதற்கு மாணவி ஒரு பயிற்சி செய்தார். தாதியர் கல்வியிலும் முதுமையியல் வகுப்புகளிலும் பல நாடுகளில் செய்யப்படும் பயிற்சிதான். இளைஞர் கழகத்தினரைச் சனசமூக நிலையத்துக்கு அழைத்தார். பழைய கண்ணாடிகளில் வாசலின் பூசி அணியச் செய்தார். காதில் பஞ்சு. செருப்புக்குள் ஒரு பிடி நெல். வலது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டு. இந்தக் கோலத்தில் கிளினிக் அட்டையில் உள்ள திகதியை வாசிக்க வேண்டும், மாத்திரை மட்டையில் இருந்து ஒரு மாத்திரையை எடுக்க வேண்டும், ஊசியில் நூல் கோர்க்க வேண்டும், குந்தி இருந்து கைபிடிக்காமல் எழும்ப வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் ஒரே சிரிப்பு. பின்னர் சிரிப்பு அடங்கிவிட்டது. மாத்திரை கீழே விழுந்தது, தேடி எடுக்க முடியவில்லை. அருகில் நின்றவர்கள் பேசிச் சிரித்தபோது தம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியதாக ஒருவர் சொன்னார். அந்த வீதியில் ஓடும் பஸ் ஒன்றில் நடத்துநராக இருக்கும் இளைஞரும் வந்திருந்தார். "இந்தக் காலோட எங்கட பஸ்ஸின்ர மிதிபலகையில ஏறேலாது. நாங்கள் 'கெதியா ஏறு ஆச்சி, கெதியா ஏறு' எண்டு கத்துறம்" என்றார்.

அன்று மாணவி அவர்களிடம் சில கூற்றுகளைக் கொடுத்துச் சரியா பிழையா எனக் குறிக்கச் சொன்னார். அமெரிக்காவின் எர்ட்மன் பால்மோர் என்ற சமூகவியலாளர் 1977இல் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட முதுமை அறிவுப் பரீட்சையை அவர் வகுப்பில் எழுதியிருந்தார். அதே முறையில் எமது ஊருக்கேற்பச் சிலவற்றைத் தாமே அமைத்தார். "முதியோரில் பெரும்பாலானோர்க்கு அறளை பெயர்ந்துவிடும்" என்பது பிழை. "முதியோரால் புதிதாக ஒன்றும் கற்க முடியாது" என்பதும் பிழை, ஆறுதலாகக் கற்பார்கள். "இலங்கை முதியோரில் பெரும்பகுதியினர் முதியோர் இல்லங்களில் இருக்கின்றனர்" என்பதும் பிழை, இல்லங்களில் வாழ்வோர் மிகச் சிறு தொகையினரே. சங்கத் தலைவர்கள்கூடப் பலவற்றைப் பிழையாகவே குறித்தனர்.

இந்தத் தவறான எண்ணங்கள் முதியோரை மட்டும் பாதிப்பதில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 50 வயதைக் கடந்த 660 பேரிடம் நீண்ட காலமாகச் சேகரித்த தகவல்களை ஆராய்ந்து, பெக்கா லெவி என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2002இல் ஒரு முடிவை வெளியிட்டனர். தமது முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தோர் மற்றவர்களைவிட 7.5 வருடங்கள் கூடுதலாக வாழ்ந்திருந்தனர். இளமையில் கிழடு, அறளை, பாரம் என்று நாம் பழகும் சொற்கள் பின்னர் எம்மையே தேடி வருகின்றன.

திரும்பத் திரும்ப ஒரே கதை

சொன்ன கதையையே திரும்பச் சொல்கிறார்கள் என்பது முதியோர்மீது நாம் வைக்கும் பெரிய முறைப்பாடு. வயதின் காரணமாக ஒருவரை ஒதுக்குவதற்கு 1969இல் ஒரு பெயர் கொடுத்தவர் அமெரிக்க மனநல வைத்தியர் ரொபேட் பட்லர். அவர் அதற்கு முன்னரே, 1963இல், முதியோர் பழையதை நினைப்பது புத்திக் குறைவின் அடையாளம் அல்ல என்று எழுதினார். முடிவு நெருங்கும்போது மனிதன் தன் வாழ்க்கையைத் திருப்பிப் பார்த்து, தீராத கணக்குகளைத் தீர்க்க முயல்கிறான். அது முதுமையில் மனம் செய்யும் வேலை என்பது அவரது கருத்து.

வேலி அடைத்த முதியவர் 1990ஆம் ஆண்டு மடுவுக்கு நடந்துபோன கதையை மாணவிக்கு ஆறு தடவை சொன்னார். ஆறாவது தடவையில்தான், வழியில் தாகத்தால் அழுத அயல்வீட்டுக் குழந்தைக்குத் தான் தண்ணீர் கொடுக்கவில்லை, தன் பிள்ளைகளுக்காக ஒளித்து வைத்திருந்தேன் என்பதைச் சொன்னார். அந்தக் குழந்தை பிழைத்து, வளர்ந்து, இன்று கனடாவில் இருக்கிறது. ஆனாலும் 34 வருடமாக அவர் அந்தப் போத்தலைச் சுமந்துகொண்டிருந்தார். "ஐஞ்சு தரமும் அவர் அந்த இடத்துக்குக் கிட்ட வந்து திரும்பிப் போயிருக்கிறார் பாதர். எனக்குத்தான் தெரியேல்லை" என்றார் மாணவி.

யுத்தத்தைக் கடந்து வந்த எமது முதியோரிடம் இப்படியான கதைகள் உண்டு. அவற்றுக்கு ஆலோசனை தேவையில்லை. இருந்து கேட்க ஓர் ஆள் தேவை.

யார் யாரைப் பார்க்கிறார்கள்?

மாணவியின் ஆரம்பத் திட்டத்தின் தலைப்பு 'முதியோர் பராமரிப்பு' என்பது. அதை அவர் பின்னர் மாற்றிவிட்டார். மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குச் சென்றிருக்க, இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்க்கும் 68 வயது அம்மம்மா ஒருவரோடு ஒரு நாள் முழுவதும் இருந்து நேரத்தைக் குறித்தார். அதிகாலை 4.30க்கு எழும்பி அடுப்பு மூட்டல், பிள்ளைகளைக் குளிக்கவார்த்துப் பாடசாலைக்கு விடல், கோழி, மரக்கறித் தோட்டம், மத்தியானச் சமையல், சங்கக் கூட்டம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், இரவு மகளோடு தொலைபேசி. அவரது நாள் இரவு 10 மணிக்கு முடிந்தது. இந்தப் பெண்ணின் பெயர் எமது பதிவேடுகளில் 'தங்கி வாழ்வோர்' என்ற பகுதியில் இருக்கிறது.

அந்த அம்மம்மா படுத்துவிட்டால் குவைத்தில் உள்ள மகள் வேலையை விட்டுத் திரும்ப வேண்டும். கடன் நிற்கும், பிள்ளைகளின் படிப்புத் தடைப்படும். அவரது முழங்கால் வலியும் இரத்த அழுத்தமும் ஒரு குடும்பத்தின் பொருளாதாரம் சம்பந்தப்பட்டவை. முதியோருக்குச் செலவிடுவதைத் தருமக் கணக்கில் எழுதும் நாம் இதை யோசிக்க வேண்டும்.

பிள்ளைகள் கைவிட்ட முதியோரும் எம்மிடையே இருக்கவே செய்கின்றனர். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி, தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி விண்ணப்பிக்கலாம். அதற்கென ஒரு பராமரிப்புச் சபை உண்டு. இதை மாணவி ஒரு தாய்க்கு எடுத்துச் சொன்னார். "பிள்ளையை வழக்குக்கு இழுத்து வாங்கின சோறு தொண்டையால இறங்குமே, மோள்?" என்று அந்தத் தாய் கேட்டார். சட்டம் கடைசிக் கதவு. அதற்கு முன்னால் உறவினர், அயலவர், சங்கம், ஆலயம் எனப் பல கதவுகள் உண்டு. அவற்றைத் தட்டுவது எமது கடமை. ஆயினும் கடைசிக் கதவு எங்கே இருக்கிறது என்பதை முதியோர் அறிந்திருக்க வேண்டும்.

கிராமத்தில் செய்யக்கூடியவை

பெரிய நிதி இல்லாமல் ஒரு கிராமம் செய்யக்கூடியவை என மாணவியும் முதியோரும் சேர்ந்து எழுதிய பட்டியலைச் சுருக்கித் தருகிறேன்.

1. 60 வயதைக் கடந்த அனைவரினதும் பத்திரங்களைப் பார்த்து, குறைபாடுகளைக் குறித்து, பிறப்புச் சான்றிதழோ உத்தேச வயதுச் சான்றிதழோ பெற உதவுதல். பாடசாலை உயர்தர மாணவர்கள் இதைச் செய்யலாம்.

2. வருடத்துக்கு ஒரு தடவை கண், காது, பல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லல். கண்புரை சத்திரசிகிச்சையால் நீங்கக்கூடியது. காதுக்குள் ஈர்க்கோ தீக்குச்சியோ விடக்கூடாது.

3. மலசலகூடத்தில் பிடித்து எழும்ப ஒரு தடி, குந்த முடியாதவருக்கு நடுவில் துளையிட்ட ஒரு கதிரை, இரவில் ஒரு வெளிச்சம். ஊர்த் தச்சர் ஒரு நாளில் செய்யும் வேலை இது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வரும் செலவோடும் வேதனையோடும் இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. நோயாளியைப் பார்ப்பவருக்கு வாரத்தில் ஒரு பிற்பகல் ஓய்வு. மாதர் சங்கத்தினர் முறைவைத்து அந்த வீட்டில் இருக்கலாம்.

5. மரண உதவிச் சங்கத்தின் சந்தாவில் ஒரு சிறு பகுதியை உயிரோடு இருக்கும்போதே உதவுவதற்கு ஒதுக்குதல். இதைச் சொன்னவர் வேலி அடைத்த முதியவர். "செத்தாப் பிறகு பந்தல் போடுற காசில, இருக்கேக்க ஒரு கண்ணாடி வாங்கித் தாங்கோவன்" என்பது அவரது பிரேரணை. அது அந்தச் சங்கக் கூட்டத்தில் நிறைவேறியது.

ஐந்தாவது யோசனை எந்தப் பல்கலைக்கழகத்திலும் பிறக்கவில்லை. முதியோரைத் திட்டமிடும் மேசையில் இருத்தியதால் வந்தது.

மாணவி தமது அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், எவரும் கேளாத ஒரு கேள்விக்கு விடை எழுதியிருந்தார். அவருக்கு 2024இல் 23 வயது. 2071ஆம் ஆண்டில் 70 வயதாகும். அப்போது தான் எந்த வீட்டில், யாரோடு, என்ன வருமானத்தோடு இருப்பேன், எனது காது கேளாதபோது யார் முகத்துக்கு நேரே நின்று பேசுவார்கள் என்று எழுதிப் பார்த்திருந்தார். நிச்சயமான விடை ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்துக்குப் பின் 'முதியோர்' என்ற சொல்லை 'அவர்கள்' என்று எழுத முடியவில்லை என்றார். மிஞ்சியது என்று எடுத்த விடயத்தையே மேற்படிப்புக்கும் தெரிவு செய்திருக்கிறார்.

குழுக்களில் கலந்துரையாடுவதற்கு

1. எமது கிராமத்தில் அறளை பெயர்ந்தவர் என்று நாம் ஒதுக்கியிருப்போர் யார்? அவர்களின் காதும் கண்ணும் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டன?

2. பேரப்பிள்ளைகளை வளர்க்கும் முதியோர் நாளை நோயுற்றால், அந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?

3. எமது சங்கத்தின் நிர்வாகக் குழுவில் 70 வயதைக் கடந்தவர் எத்தனை பேர்? அவர்கள் பேசும்போது யார் கேட்கிறார்கள்?

4. எமக்கு 70 வயதாகும் ஆண்டு எது? அந்த ஆண்டுக்காக இன்று இந்தக் கிராமத்தில் எதை மாற்றத் தொடங்கலாம்?